கை வலிக்காத வீரன்

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் தமக்கையார் மகன் கிள்ளானிலிருந்து வந்து நம்மோடு நான்கு நாட்கள் தங்கினான். தன் துணிமணிகளைக் காட்டிலும் அதிகக் கவனத்தோடு அவன் சுமந்து வந்தது ஒரு கறுப்புப் பெட்டி. பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பொறி அது. நமது கிராணி வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியோடு அதனைப் பிணைத்த அரை நாழிகைக்குள் லயத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வாயிற்படியில் குழுமிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவரும் வந்து உட்கார்ந்தார். தஞ்சோங் காராங்கின் நெல்வயல்களைக் கடந்து உட்புறம் வருவோர்க்குக் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனையே தென்படும். அச்செம்பனைகளின் அடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குலை வெட்டி ஓய்ந்தவர் அவர்.

திரையிலே ஒரு வீரன் செங்குத்தான மலைப்பாறையில் ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கையால் தொங்குகிறான். மறு கையால் துப்பாக்கி சுடுகிறான். பத்தடி தள்ளியிருக்கும் மற்றொரு பாறைக்குத் தாவுகிறான். அப்பாறை இடிந்து விழ, விழும் கல்லையே உதைத்து மூன்றாவது பாறையைப் பற்றுகிறான். பிள்ளைகள் ஆரவாரித்தனர். பெரியவர் மட்டும் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்பு கேட்டார்:

"ஏன் தம்பி, இந்த ஆளுக்குக் கை வேர்க்காதா?"

"இது கேம் தாத்தா. அதெல்லாம் வேர்க்காது."

"நான் கழியைப் பிடிச்ச காலத்திலே மணிக்கு நாலு தரம் கையைத் துடைப்பேன். இவன் ஒரு தரம்கூடத் துடைக்கலையே."

இக்கேள்வி நம்மைப் பல நாள் விடாது பற்றிக்கொண்டது. பெரியவர் அத்தாவலைக் குறை கூறவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பத்தடி தாவ மனிதனால் இயலுமா என்று அவர் கேட்கவில்லை. குண்டு ஏன் படவில்லை என்றும் கேட்கவில்லை. அவற்றையெல்லாம் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் ஒப்ப மறுத்தது உலர்ந்த ஓர் உள்ளங்கையை மட்டுமே. நடக்கவொண்ணாத பெரிய காரியத்தை நம்பிய மனம் சிறியதொரு குறையில் ஏன் இடறி நின்றது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இவ்வியாசம்.

மிகைபடக் கூறுதல் நம்மவர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் இதனை அதிசயம் என்று ஓர் அணியாகவே வகுத்து வைத்தது. அதன் இலக்கணத்தை நம் சொந்த நடையிற் கூறினால், ஒரு பொருளின் அழகை உவந்து சொல்லுங்கால் அச்சொல் உலகத்தின் எல்லையைக் கடவாதிருக்கவும் வேண்டும், அறிவுடையோர் வியக்கும்படி இருக்கவும் வேண்டும் என்பதாகும். எல்லையைக் கடவாமல் வியப்பது எங்ஙனம்? பள்ளியில் இதனைப் படிக்காமல் ஆங்கிலப் பாடங்களையே படித்து வளர்ந்த நமக்கு, முப்பது வயதுக்கு மேல் தனியே தமிழ் கற்கப் புகுந்தபோது இது முரண்பாடாகவே பட்டது. ஆங்கிலப் பள்ளியில் நமக்குக் கற்பித்ததோ கோல்ரிட்ஜ் என்னும் புலவர் 1817-இல் எழுதிய கருத்து. கவிதையைப் படிப்பவன் தன் ஐயத்தைத் தானே விரும்பிச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கிறான் என்பது அது. ஆனால் எவ்வளவு ஒதுக்கி வைப்பான், எந்த இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்வான் என்பதைக் கோல்ரிட்ஜைக் காட்டிலும் தண்டியாசிரியரே நெருங்கித் தொட்டிருக்கிறார் என்பது நம் அபிப்பிராயம். எல்லை என்று அவர் கூறியது சாதாரண உலகின் எல்லையன்று, பாட்டுக்குள் படைக்கப்பட்ட உலகின் எல்லையே என்று கொண்டால் முரண்பாடு நீங்கிவிடுகிறது.

ஆஞ்சநேயன் கடல் தாண்டிய கதையை எடுத்துக்கொள்வோம். அது நடந்ததென்று நம்புவோர் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லோம் நாம். ஆயினும் வால்மீகி அதனை எழுதிய விதத்தைப் பாருங்கள். தாவுமுன் அவன் மகேந்திர மலைமேல் காலை ஊன்றி அழுத்துகிறான். மலை குலுங்குகிறது, பாறைகளினின்று நீர் கசிகிறது, தாவிய வேகத்தில் மரங்கள் வேரோடு பெயர்ந்து அவன் பின்னே சிறிது தூரம் பறக்கின்றன. கடலைத் தாண்டுவது பொய். ஆனால் தாவுகிறவன் தரையை உதைக்க வேண்டும் என்பது மெய். அந்த மெய்யைப் புலவன் விட்டுவிடவில்லை. பொய்யைச் சுமக்கும் வண்டிக்கு அவன் மெய்யால் அச்சாணி அடித்தான் என்க.

நிற்க. புலவனை விட்டுத் திரைக்கு வருவோம். வீரச் செயல்களின் திரை வரலாற்றை முழுவதும் கூறப் புகுந்தால் இவ்வனுபந்தத்தின் பக்கங்கள் போதா. ஆதலின் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு போவோம். ஓடும் இரயில் வண்டியின் கூரைமேல் நிகழும் சண்டையே அது. (எம் பகுதியில் இரயில் ஓடுவதில்லை, அதனைப் பார்க்கக் கிள்ளானுக்கோ ரவாங்குக்கோ போகவேண்டும். அதனால்தானோ என்னவோ சிறு வயது முதலே நமக்கு இக்காட்சியில் மோகம் அதிகம்.)

1903-இல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த "பெரிய இரயில் கொள்ளை" என்னும் பன்னிரண்டு நிமிடப் படத்திலேயே இக்காட்சி பிறந்துவிட்டது. எஞ்சினுக்குப் பின்னுள்ள கரிவண்டியின்மேல் இருவர் கட்டிப் புரள்கிறார்கள். ஒருவன் தூக்கி வெளியே எறியப்படுகிறான். எறியப்படுவது மனிதனன்று, துணிப்பொம்மை. இன்று பார்ப்பவர்க்கு அது சிரிப்பையே தரும். பொம்மை விழும் விதத்தில் எலும்பில்லை. எலும்பில்லாத உடலுக்காக எவனும் அஞ்சான்.

பொம்மையை நீக்கித் தம் உடலையே வைத்தவர் பஸ்டர் கீட்டன். 1924-இல் வெளிவந்த "ஷெர்லாக் ஜூனியர்" படத்தில் அவர் ஓடும் சரக்கு வண்டிகளின் கூரைமேல் ஓடி, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பற்றித் தொங்குகிறார். குழாய் திறந்துகொள்ள, வெள்ளம்போல் நீர் இறங்கி அவரைத் தண்டவாளத்தின்மேல் தள்ளிவிடுகிறது. எழுந்து ஓடுகிறார், காட்சி முடிகிறது. அன்று அவருடைய கழுத்தெலும்பு முறிந்திருந்தது! சில நாள் தலைவலியோடு போயிற்று என்று அவர் இருந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து வேறொன்றுக்காக மருத்துவர் பரிசோதித்தபோதுதான் பழைய முறிவு தெரியவந்தது. அந்தக் காட்சியை நாம் பார்க்கையில் நம் கழுத்தும் ஒருகணம் சுருங்குகிறது. முறிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் நீரின் கனம் தெரிகிறது.

இந்தியாவில் இக்காட்சியைத் தனதாக்கிக்கொண்டவள் ஒரு பெண் என்பது சீர்திருத்த நோக்குடைய நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும். 1908-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, இந்தியாவில் வளர்ந்து, சர்க்கஸில் வேலை பார்த்து, பின் பம்பாய் வாடியா மூவிடோன் கம்பெனியில் சேர்ந்த மேரி எவன்ஸ் என்னும் அம்மையாரே நாடியா. 1935-இல் "ஹண்டர்வாலி" படத்தில் சாட்டையும் முகமூடியுமாகத் தோன்றினார். 1936-இல் "மிஸ் ஃப்ராண்டியர் மெயில்" படத்தில் ஓடும் இரயிலின் கூரைமேல் ஆடவர்களோடு பொருதார். பெண் வீட்டைவிட்டு வெளியே வரலாமா என்று பெரிய மனிதர்கள் மேடையில் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒருத்தி ஆடவனைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தாள். மலிவுச் சீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். எப்படி நம்பினார்கள்? அவ்வம்மையார் தம் சாகசங்களைத் தாமே செய்தார். சர்க்கஸில் பயின்ற தோளும் தொடையும் திரையில் தெரிந்தன. தூக்குமுன் அவர் முழங்காலை மடக்குவதும், தூக்கியபின் மூச்சு வாங்குவதும் தெரிந்தன. பெண்ணால் இது இயலாது என்னும் கொள்கை, கண்ணெதிரே தெரிந்த ஒரு முழங்காலின் முன் நிற்க முடியவில்லை.

தமிழ்ப் படங்களில் இரயிலைக் காட்டிலும் வாளே முந்திற்று. 1948-இல் எஸ். எஸ். வாசன் எடுத்த "சந்திரலேகா"வில் இராட்சத முரசங்களுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்பட்டதையும், இறுதியில் ராதாவும் ரஞ்சனும் நெடுநேரம் வாட்போர் புரிந்ததையும் கண்ட தலைமுறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்களுக்குப் பின் வந்தோர், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில் எம்.ஜி.ஆர். பத்துப் பேரை ஒருவராகப் புடைத்தெடுப்பதைப் பாய் விரித்து அமர்ந்து பார்த்தனர். நம் பெரியவரும் அவர்களுள் ஒருவர். பத்துப் பேரை ஒருவர் அடிப்பது அவருக்கு ஒருபோதும் நம்பவொண்ணாததாகப் படவில்லையாம். "அவரு சிரிச்சுக்கிட்டே அடிப்பாரு, ஆனா அடி வாங்கினா உதட்டோரம் ரத்தத்தைத் துடைச்சுப் பார்ப்பாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் கோபம் வரும்" என்றார். இங்கும் துடைத்தலே! திரைக்கு வெளியே நடந்த ஒன்றையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம். 1959-இல் சீர்காழியில் "இன்பக்கனவு" நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, பேருடல் படைத்த குண்டுமணி என்னும் நடிகரைத் தூக்கும் கட்டத்தில் எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. திரையில் பத்துப் பேரை எறிந்தவருக்கு மேடையில் ஒருவரின் கனம் தாங்கவில்லை. இதனால் அவர் புகழ் குறைந்ததா என்றால் இல்லை. குணமடைந்து மீண்டும் வாளெடுத்தபோது ஜனங்கள் முன்னிலும் அதிகமாக நம்பினார்கள். முறியக்கூடிய கால் என்று தெரிந்துவிட்டதன்றோ!

இனி விளையாட்டுப் பொறிகளின் வரலாற்றுக்கு வருவோம். இங்கே ஒரு புதிய சங்கடம் எழுகிறது. கீட்டனுக்குக் கழுத்து இருந்தது. நாடியாவுக்குத் தோள் இருந்தது. கணினி வீரனுக்கோ ஒன்றுமில்லை. அவன் ஒளிப்புள்ளிகளின் கூட்டம். போர்ட்டரின் துணிப்பொம்மையைவிட இலேசானவன். அவனுக்கு எலும்பு கொடுப்பது எப்படி என்பதே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கலைஞர்களை வாட்டிய கேள்வி.

1981-இல் ஜப்பானில் தோன்றிய "டாங்கி காங்" விளையாட்டில், உருளும் பீப்பாய்களைத் தாண்டி ஏணியேறும் தச்சன் தன் உயரத்துக்கு மேற்பட்ட இடத்திலிருந்து விழுந்தால் மாண்டு போவான். நான்கே ஆண்டுகளில், 1985-இல், அதே ஆளை மாரியோ என்னும் பெயரோடு எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சாகாதவனாக ஆக்கிவிட்டார்கள். அதனை எவரும் ஆட்சேபிக்கவில்லை. காளானைத் தின்று வளர்கிற உலகம் அது. அவ்வுலகின் எல்லை வேறு. தண்டியாசிரியர் இருந்திருந்தால் மாரியோவைத் தள்ளியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம்.

நம் கருத்தில் இவ்வரலாற்றின் மிகச் சிறந்த அத்தியாயம் 1989-இல் வெளிவந்த "பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா". அதனை ஏறக்குறையத் தனியொருவராக ஆக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர். 1985-இல் அவர் தம் தம்பிக்கு வெள்ளை உடை உடுத்தி, வண்டி நிறுத்தும் வெற்றிடம் ஒன்றில் ஓடவும் தாவவும் சுவரைப் பற்றி ஏறவும் செய்து, வீடியோக் கருவியில் படம் பிடித்தார். பின்பு அப்படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு நிலையையும் கணினித் திரைக்குள் புள்ளி புள்ளியாக மாற்றினார். வாட்போருக்கோ 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரால் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நின்று பொருதும் சில விநாடிகளைக் கையாண்டார். ஆப்பிள் கணினியின் சிறு நினைவறைக்குள் இவ்வளவும் அடங்கின. ஆக அவ்விளவரசனுக்குள் ஓர் உண்மைப் பையனின் எலும்பு இருக்கிறது! அவன் ஓடத் தொடங்குகையில் உடல் முன்னே சாயும். நிற்க முயன்றால் இரண்டடி வழுக்கியே நிற்பான். விளையாடுபவர்க்கு இது முதலில் எரிச்சலாயிருக்கும். விசையை அழுத்தியவுடன் நிற்காத வீரன் என்ன வீரன் என்று தோன்றும். சிறிது பழகியபின் அதுவே அவனை மனிதனாக்குகிறது.

அதிலும் நாம் வியப்பது வீழ்ச்சிக்கு மெக்னர் வகுத்த சட்டத்தையே. ஒரு தள உயரம் விழுந்தால் தீங்கில்லை. இரண்டு தளம் விழுந்தால் உயிரின் ஒரு பங்கு போகும். தொடக்கத்தில் அவனுக்குள்ளவை மூன்றே பங்குகள். மூன்று தளம் விழுந்தால் சாவு. கொடுக்கப்பட்ட நேரமோ அறுபது நிமிடம். இச்சட்டம் இயற்கைச் சட்டமன்று. அறிவியல் படித்தவன் இதில் ஆயிரம் குற்றம் காண்பான். ஆனால் இது மாறாத சட்டம். பள்ளத்தின் விளிம்பில் இளவரசன் இரு கைகளால் தொங்கும்போது, கீழே எத்தனை தளம் என்று எண்ணாத சிறுவன் இல்லை. அச்சம் அங்கே கணக்காகிறது. கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்கின்மேல் பற்று இயல்பு என்று நண்பர்கள் நகைக்கலாம், நகைக்கட்டும்.

1996-இல் இங்கிலாந்திலிருந்து "டூம் ரெய்டர்" வந்தது. லாரா கிராஃப்ட் என்னும் பெண் வீரத்தோடு குகைகளில் ஏறினாள். விளிம்பைப் பற்றினால் நாள் முழுதும் தொங்கினாள். 1998-இல் வந்த மூன்றாம் பகுதியை இந்தியக் காட்டிலேயே தொடங்கி வைத்தார்கள். 2013-இல் அவளைப் புதிதாகப் படைத்தபோது, விழுந்து கம்பி குத்திய விலாவோடு நொண்டி நடப்பவளாக ஆக்கினார்கள். காயம் தெரிகிறது, ஆனால் அரை மணிக்குப்பின் அவளே நூறு பேரைக் கொன்று நடக்கிறாள். விலைச்சீட்டை ஒட்டிவிட்டு விலை வாங்காமல் சரக்கை விடுவதுபோல் இருந்தது நமக்கு.

நம் வீட்டுக் கூடத்தில் பெரியவர் கண்டது "அன்சார்ட்டட்" வரிசையைச் சேர்ந்தது. கலிபோர்னியாவின் நாட்டி டாக் என்னும் கம்பெனி 2007-இல் தொடங்கிய வரிசை இது. நேதன் டிரேக் என்னும் புதையல் வேட்டைக்காரனின் கதை. 2009-இல் வந்த இரண்டாம் பகுதியில் நாம் பின்தொடர்ந்து வந்த இரயில் மறுபடி தோன்றுகிறது. கதை தொடங்கும்போதே மலைச்சரிவில் கவிழ்ந்து அந்தரத்தில் தொங்கும் ஒரு பெட்டிக்குள் டிரேக் வயிற்றுக் காயத்தோடு கண் விழிக்கிறான். இருக்கைகளைப் படியாகப் பிடித்து அவன் மேலேற வேண்டும். இரண்டாம் நாள் மாலை மருமகன் இதனை ஓட்டிக் காட்டினான். முதல் நாள் கேள்வி கேட்ட பெரியவர் இப்போது முன்னே சாய்ந்து உட்கார்ந்தார். கம்பி வளைந்து டிரேக்கின் கை நழுவியபோது அவர் வாயினின்று "ஐயோ" என்னும் சொல் அவரை அறியாமலே வந்தது. அதே வீரன், அதே பொறி. முதல் நாள் வராத ஐயோ இரண்டாம் நாள் ஏன் வந்தது?

பின்னர் அவ்விரயில் ஓடும் கட்டமும் வருகிறது. அக்காலத்துப் பல விளையாட்டுகளில் வண்டி நிற்கும், பின்னாலுள்ள மலையும் மரமும் ஓடும். நம் பழைய நாடகத் திரைபோல. இவர்களோ இரயிலையே கணினி உலகத்தின் நெடுந்தூரத் தண்டவாளத்தில் மெய்யாக ஓட வைத்தார்கள். வளைவில் வண்டி சாய்ந்தால் கூரைமேல் நிற்பவனும் அதனோடு சாய்வான். அடுத்த பெட்டி கண்முன்னே திரும்பும். அச்சிறு சாய்வுக்காக அவர்கள் பட்ட பாடு பெரிது. அதுவே அக்காட்சிக்கு அச்சாணி.

ஆனால் குண்டுகள்? டிரேக்கின்மேல் ஆயிரம் குண்டு பாய்கின்றன, திரை சிவக்கிறது, மறைவில் நான்கு விநாடி நின்றால் சிவப்பு நீங்கிவிடுகிறது. இரத்தம் நான்கு விநாடியில் ஊறுமா என்று கேட்டவர்க்கு, 2018-இல் அவ்வரிசையில் பணிசெய்த ஜோனதன் கூப்பர் என்னும் கலைஞர் ஒரு விடை வெளியிட்டார். அவ்வரிசையை முதலில் படைத்த ஏமி ஹென்னிக் அம்மையாரும் அதனை ஒப்பினார். அச்சிவப்பு இரத்தமே அன்றாம். டிரேக்கின் அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டே வருவதன் அடையாளமாம். குண்டுகள் அனைத்தும் அவனைத் தவறிச் செல்கின்றன. அதிர்ஷ்டம் முழுதும் தீர்ந்தபின் வரும் ஒரே குண்டு அவனைக் கொல்கிறதாம். கேட்க அழகாயிருக்கிறது. எனினும் விதி, தலையெழுத்து, அதிர்ஷ்டம் என்னும் சொற்களால் நம் மக்களை நெடுங்காலம் தூங்க வைத்தார்கள் என்று கூறிவரும் நாம், கலிபோர்னியாவிலிருந்து வருகிறது என்பதற்காக அதே சரக்கை வாங்கலாமா? பொருளாளனுக்கு அதிர்ஷ்டம், உழைப்பாளனுக்குக் குண்டு என்னும் பழைய கதையே இதுவும். டிரேக்கை எதிர்த்து நிற்கும் கூலிப்படையாட்களுக்கு அதிர்ஷ்டமென ஒரு துளியும் வைக்கப்படவில்லை என்பதைக் காண்க.

கதையில் நல்லவன், ஆட்டத்தில் கொலைகாரன் என்னும் இம்முரணுக்கு 2007-இலேயே கிளின்ட் ஹாக்கிங் என்பவர் வேறொரு விளையாட்டைக் குறித்து ஒரு பெயர் சூட்டிவிட்டார். நாட்டி டாக் கம்பெனியார் 2016-இல் நான்காம் பகுதியை வெளியிட்டபோது, ஆயிரம் எதிரிகளை வீழ்த்துபவர்க்கு ஒரு பரிசுக் கேடயம் வைத்து, அதற்கு அந்த முரணின் பெயரையே இட்டார்கள். குற்றம் சாட்டியவனைப் பார்த்துக் கண்ணடிப்பது இது. கண்ணடித்தால் குற்றம் தீர்ந்துவிடாது. ஆனாலும் நாம் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

2017-இல் வந்த "தி லாஸ்ட் லெகசி" நம் தேசத்துக்கே வந்துவிட்டது. குளோயி என்னும் இந்தியத் தந்தையின் மகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளரின் அழிந்த நகரங்களில் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிறாள். இறுதிச் சண்டை மீண்டும் ஓடும் இரயிலில். ஹொய்சளர் நம்மவர்க்கு அந்நியரல்லர்; பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் அவர்களுக்குத் தலைநகர் இருந்தது. அவர்கள் கோயில்கள் நுணுக்கமான சிற்பங்களுக்குப் பேர் பெற்றவை. விளையாட்டிலோ மலையளவு சிலைகளும் அவற்றைச் சுழற்றும் இயந்திரங்களும்! இங்கே இரயிற் சண்டையை நாம் நம்பினோம், வரலாற்றை நம்பவில்லை. உளியின் நுணுக்கத்தைப் பருமனாக மாற்றுவது எல்லை கடத்தலேயாகும்.

தமிழரும் சும்மா இருக்கவில்லை. 2010-இல் வந்த "எந்திரன்" படத்தில் சென்னை மின்சார இரயிலின் பக்கச் சுவரிலேயே ரஜினிகாந்த் ஓடுகிறார். நம் தோட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவன் சிட்டி, இரும்பாலானவன், மின்னேற்றம் தீர்ந்தால் விழுவான் என்னும் சட்டத்தை முன்பே சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014-இல், "கோச்சடையான்" வந்தது. நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிந்து கணினி உருவத்துக்குப் பொருத்தும் முறை அதில் கையாளப்பட்டது. மெக்னர் தம் தம்பியை வைத்துச் செய்ததன் கொள்ளுப்பேரன் அம்முறை. அதே ரஜினிகாந்த், அதே ஆரவாரம். ஆனால் குதிரை ஓடுகையில் தரை அதனை அறியவில்லை. வாள் மோதுகையில் தோள் அதனை அறியவில்லை. ஆசையோடு சென்று அமர்ந்த நாம் பாதிப் படத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம். பிற்காலத்தில் குறைந்த பணத்தில் பூனாவில் செய்யப்பட்டு 2020-இல் வெளிவந்த "ராஜி" என்னும் விளையாட்டு அதைவிட நமக்கு நெருங்கி வந்தது. அதன் கதாநாயகி கழைக்கூத்தில் பழகிய சிறுமி. தூணைச் சுற்றிச் சுழன்று அவள் அடிக்கும்போது, இவள் எங்கே கற்றாள் என்னும் கேள்விக்கு விடை இருக்கிறது. நாடியாவின் சர்க்கஸ் மறுபடி வந்ததோ என்று எண்ணினோம்.

சிலர் கேட்கக்கூடும்: பிள்ளைகள் பொழுதுபோக்கும் ஒரு விளையாட்டில் கை வேர்க்கிறதா, கால் ஊன்றுகிறதா என்று இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இதற்கு மறுமொழி கூற நாம் ஒரு வெட்கக்கேட்டை வெளியிட வேண்டியிருக்கிறது.

கிராணியின் மேசையில் செக்ரோலுக்கு அடுத்தபடி இருப்பது விபத்துப் பதிவேடு. வீழ்ச்சிகளின் உண்மை வரலாறு அதிலே இருக்கிறது. இக்கோலச் சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் இந்நாட்டில் முதன்முறையாக வாணிப நோக்கோடு செம்பனை நடப்பட்ட நாள் தொட்டு, குலை விழாத நாளில்லை. குலையோடு ஆள் விழாத ஆண்டுமில்லை. இருபது கிலோ கனமுள்ள குலை நாற்பதடி உயரத்திலிருந்து விழும் இடத்தில் மனிதன் நிற்கிறான். அதிர்ஷ்டத்தின் சிவப்புத் திரை அவனுக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது, குலை ஏற்றிய ஒருவர் லோரியின் பின்கட்டையிலிருந்து வழுக்கி விழுந்தார். உயரம் ஐந்தடிகூட இராது. இரத்தமில்லை, வீக்கமில்லை. எழுந்து நின்றார், நாலடி நடந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "லோரியிலிருந்து இறங்கினதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் மேலதிகாரி ஒருவர். நாம் என்ன செய்தோம்? பேனாவை எடுத்துப் பதிவேட்டில் "சிறு வழுக்கல்" என்று எழுதினோம். சொக்சோ பாரம் அன்று அனுப்பப்படவில்லை. பதினெட்டு நாட்களுக்குப் பின், அவர் மனைவி வந்து ஆபீசு வாயிலில் நின்ற பிறகே, வேறு பாரம் எடுத்து முறையாக எழுதினோம். அவர் மறுபடியும் குலை ஏற்றவில்லை. புல்வெட்டுக்கு மாறினார், சம்பளம் குறைந்தது.

அன்றிரவுக்கு முந்திய இரவு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. 2011-இல் வந்த மூன்றாம் அன்சார்ட்டட்டை ஒரு நண்பர் வீட்டில் கண்டு களித்தோம். சரக்கு விமானம் நடுவானில் பிளக்க, டிரேக் வெளியே தூக்கி எறியப்பட்டு, பறக்கும் பெட்டியைப் பற்றிப் பாராசூட்டோடு பாலைவனத்தில் இறங்கி நடக்கிறான். அதனை நம்பிக் கைதட்டிய அதே கண், மறுநாள் ஐந்தடி வீழ்ச்சியை நம்ப மறுத்தது. விளையாட்டின்மேல் பழியைப் போட நாம் எண்ணவில்லை. "சிறு வழுக்கல்" என்று எழுதியது நம் கை. மேலதிகாரியின் முகத்துக்கு அஞ்சி எழுதிய கை. ஆனால் அஞ்சியபோது நம் மனச்சாட்சி ஏன் அவ்வளவு எளிதாய் உடன்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறோம். உடல் என்பது விழுந்தால் எழுந்து நடப்பது என்னும் எண்ணம் அதற்குப் பல ஆண்டுகளாய்ப் பழகியிருந்தது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே மூன்றாம் பகுதியில் டிரேக் பாலைவனத்தில் இறங்கியபின் நெடுநேரம் தாகத்தால் தள்ளாடுகிறான். கானல் நீரைக் கண்டு ஓடி மணலை அள்ளுகிறான். விசையை எவ்வளவு அழுத்தினாலும் வேகமாய் நடக்கமாட்டான். விமானத்தைக் கைதட்டிப் பார்த்த நண்பர்கள் இவ்விடத்தில் சலித்து எழுந்து தேநீர் போடப் போனார்கள். நாமும் போனோம்.

மருமகன் புறப்படுவதற்கு முந்திய மாலை, பெரியவர் தம் வீட்டுப் பின்புறம் சாத்தி வைத்திருந்த பழைய அலுமினியக் கழியை எடுத்து வந்தார். நுனியில் அரிவாள் இல்லை, கழற்றி வைத்திருந்தார். அதனை நிமிர்த்தி நேரே பிடித்து நிற்கும்படி பையனிடம் கூறினார். முதல் முறை கழி சாய்ந்து கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தனர். இரண்டாம் முறை நிமிர்ந்தது. பையனின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. பெரியவர் எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தேழில் அவன் கழியைத் தாத்தாவின் தோளில் சாய்த்துவிட்டு, உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் தாத்தா" என்றான்.